எங்கள் வீட்டுப் படையலுக்கு வந்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசிலும் நம்பிக்கை இல்லை, அதை ஓட்டுகிறேன் என்று வருகிறவனிடமும் நம்பிக்கை இல்லை. கண்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். யாருக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு, மங்கிய வெளிச்சத்தில் மனுஷன் எதையெல்லாம் பார்த்ததாகச் சத்தியம் செய்வான் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்கள் வம்சத்தில் யாருக்கு யார் பிறந்தார், எந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார், யார் இந்தியாவுக்குக் கப்பலேறினார் என்று தேடித் தேடிப் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டி வைப்பது. இதற்கு நாலு பேரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும், எனக்கோ அதுதான் வராது. எத்தனையோ உறவுக்காரர் வீட்டு வாசல்வரை போய், உள்ளே பேச்சுக்குரல் கேட்டதும் திரும்பி வந்திருக்கிறேன். கல்லறையில் போய்ப் பார்க்கலாம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கல்லும் கிடையாது, தேயிலைக்கு நடுவே ஒரு மண்மேடு, இரண்டு மழைக்கு அதுவும் இல்லை.

கேட்காமலே கண்டுபிடிக்க ஒரே ஓர் அடையாளம் இருந்தது. அம்மா வழியில் பலருக்கு முன்நெற்றி முடியில் ஒரு கொத்துப் பிறவியிலேயே வெள்ளை, அதன் அடியில் நெற்றித் தோலும் வெளுத்திருக்கும். எனக்கும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கொக்கு என்று கூப்பிடுவார்கள், நான் வாய் பேசாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மாவின் அக்கா பூவாயிக்கும் அது இருந்ததாம். நான் பார்த்ததில்லை. ஹந்தானைப் பக்கத் தோட்டத்தில் இருந்து எட்டு வயதில் கண்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள், கொஞ்ச மாதத்தில் பிள்ளையை ஆறு கொண்டுபோய்விட்டது என்று செய்தி வந்திருக்கிறது. உடம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கஷ்டம் வர, கோடாங்கி உடுக்கடித்துப் பார்த்து, கல்யாணமாகாமல் செத்த பிள்ளை, கன்னித் தெய்வமாக வந்து நிற்கிறாள், வருஷா வருஷம் படையல் போடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் எங்கள் வீட்டில் கன்னிக்குப் படையல். எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவான புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், பணியாரம், இடித்த பச்சரிசி மாவு. சூடம் கொளுத்தி, "பூவாயி, வந்து சாப்பிடு தாயீ" என்று பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே நிற்போம். திறந்து பார்த்தால் மாவில் சின்ன விரல் பட்ட தடம் இருக்கும். அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார். நான் எலி என்பேன், வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

போன மார்கழியில் மடவளையில் இருந்து ஒரு முஸ்லிம் ஆள் கண்ணாடி போட வந்தார், கடைத்தெரு வியாபாரி. பிரேம் காதில் சரியாக உட்கார்கிறதா என்று பார்க்கத் தொப்பியைக் கழற்றச் சொன்னேன். முன்நெற்றியில் வெள்ளைக் கொத்து. வாழ்க்கையில் முதல்தடவையாக முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக வாய் திறந்து, இது உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். "உம்மாக்கும் இப்பிடித்தான் இரிக்கி," என்றார். பிறகு தணிந்த குரலில், தன் தாய் தோட்டத்தில் இருந்து வந்தவர், சின்னப் பிள்ளையில் அவரைத் தன் தகப்பன் வழிப் பாட்டன் பாட்டிதான் எடுத்து வளர்த்தார்கள், சொந்தக்காரர் யாரென்று யாருக்கும் தெரியாது என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்து இந்தத் தடவை திரும்பவில்லை. அவருடைய தாய் ஆமினா உம்மா கட்டிலில் இருந்தார், எலும்பும் தோலும். தலை முழுக்க நரைத்திருந்தாலும் நெற்றித் தோலின் வெளுப்பு அப்படியே இருந்தது. பூவாயி என்று சொன்னேன். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஆறும் இல்லை, ஒன்றும் இல்லை. வேலைக்கு இருந்த வீட்டில் அடி தாங்காமல் ஓடியிருக்கிறார், தோட்டத்துக்குப் போனால் அப்பா திரும்ப அங்கேயேதான் அனுப்புவார் என்ற பயத்தில் எதிர்ப்பக்கமாக நடந்திருக்கிறார். தேடுவார்கள் என்று கொஞ்சக் காலம் பார்த்தாராம், ஒருவரும் வரவில்லை. அந்த வீட்டுக்காரர் சொன்ன ஒரு பொய்யை நம்பி, உயிரோடு இருந்த பிள்ளைக்கு நாங்கள் இத்தனை காலம் சூடம் கொளுத்தியிருக்கிறோம். எனக்கு எங்கள் வம்சத்தின்மேலேயே வெறுப்பு வந்தது.

பிறகு அவராகவே ஒன்று சொன்னார், நான் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம், பொங்கல் முடிந்து வரும் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் நேரத்தில் அவருக்கு உடம்பு ஜில்லிட்டுப் போகுமாம். டாக்டர்கள் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. "ஒரு புள்ள வந்து கால்மாட்டுல நிக்கும் மகன். வா, உனக்குச் சாப்பாடு போட்டிரிக்காங்கன்னு கால் விரலப் புடிச்சு இழுக்கும். போனா திரும்ப மாட்டேன்னு தெரியும். கட்டில் சட்டத்தப் புடிச்சிக்கிட்டுக் கெடப்பேன்." போன வருஷம் கை வழுக்கிவிட்டதாம், மூச்சு நின்று ஆஸ்பத்திரியில்தான் திரும்பி வந்ததாம். இந்த வருஷம் பிடிக்கப் பலம் இல்லை என்று கையைக் காட்டினார். நம்பினால் நம்புங்கள், நான் படையலைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த வருஷம் படையல் வேண்டாம் என்றேன். அம்மா பத்ரகாளி ஆகிவிட்டார். தங்கச்சி மாசமாக இருக்கிறாள், இந்த நேரத்தில் கன்னியைப் பட்டினி போடுவதா என்று கத்தினார். அக்கா உயிரோடு இருக்கிறார் என்றாலும் நம்பவில்லை, கடைசியில் ஒரு த்ரீவீல் பிடித்து மடவளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று நெற்றியைப் பார்த்தவர்தான், "அக்கா" என்று போய் விழுந்தார். இரண்டு பேரும் அழுததை என்னால் சொல்ல முடியாது. வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா படையல் சாமான் வைக்கும் பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்.

வழக்கமாகப் படையல் போடும் அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டு மடவளைக்குப் போனேன். ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள், மருமகள் அடுப்படியில். நான் கட்டில் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, இருட்டோ நிழலோ எதுவும் இல்லை. பெரியம்மா பேசிக்கொண்டே இருந்தவர் நிறுத்திக் கால்மாட்டைப் பார்த்தார். ஆனால் சட்டத்தைப் பிடிக்கவில்லை. யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார். "நீ யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு கேட்டுக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

என் தொழில் கண், அதனால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கால்மாட்டில், பெரியம்மாவின் கால் எட்டாத இடத்தில், மெத்தை ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது மெல்ல மேலே வந்தது, விரிப்பின் சுருக்கம் மட்டும் அப்படியே நின்றது.

"போயிட்டா," என்றார் பெரியம்மா. அவர் கையைத் தொட்டேன், சூடாகத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பூவாயி இதோ இருக்கிறார் என்றால் எங்கள் வீட்டு மாவில் விரல் வைத்தது யார்? பெரியம்மாவையே கேட்டேன்.

"அவ இப்ப புள்ள இல்ல மகன், பொம்புளையாயிட்டா. சின்ன உடுப்பத்தான் போட்டிரிக்கிறா, கக்கத்துல கிழிஞ்சி தொங்குது. பசிக்கிதுன்னு அழுதா. யாருன்னு கேட்டதுக்கு, 'பூவாயி பூவாயின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, யாருமே போகல, அதான் நான் போனேன்'னு சொன்னா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன், அவர் அழுதார். அக்காவுக்காக அழுததைவிடக் கூடுதலாக அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். தங்கச்சிக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண்பிள்ளை. பெரியம்மாவும் தேறிவிட்டார், இப்போது எழுந்து நடக்கிறார். எல்லாம் முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன்.

மறுபடியும் தை பிறக்கப் போகிறது. அம்மா போன வாரம் என்னைக் கூப்பிட்டு ஒரு சேலை வாங்கி வரச் சொன்னார், பெரிய பொம்பிளை உடுத்துகிற சேலை, தைத்த ரவிக்கையோடு. கடையில் ரவிக்கை யாருடைய அளவுக்கு என்று கேட்டார்கள். ஏதோ ஓர் அளவைச் சொல்லி வாங்கினேன். எவளென்றே தெரியாத ஒன்றுக்கு எதற்கம்மா படையல் என்று கேட்டால், "எவளா இருந்தா என்னடா, நம்ம சோறு தின்னு வளந்தவ. பட்டினியா விட்டா அவ அந்தப் பச்சப்புள்ளகிட்ட வருவா," என்கிறார்.

சரி, பெயர் தெரியாதே, எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றேன்.

"பூவாயின்னுதான். அவளுக்கு அந்தப் பேருதானே தெரியும்."

அந்தப் பெயருக்கு உரியவர் மடவளையில் உயிரோடு இருக்கிறார் என்று எத்தனை தரம் சொல்லியும் அம்மா கேட்பதாக இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பெரியம்மாவின் கால் விரலை இழுக்கும், கூப்பிடாவிட்டால் தங்கச்சியின் பிள்ளை. சேலையை இன்னும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, கடையில் என் மேசை லாச்சியில்தான் இருக்கிறது. இன்று காலையிலும் அம்மா கேட்டார், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.