கல்யாணமான மாப்பிள்ளைக்குப் பெண் தேடிய சர்வர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கபாய் நடத்தும் திருமணத் தகவல் மையத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது இசக்கிமுத்துவின் வேலை. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறான். ஊருக்கெல்லாம் வரன் காட்டிய அந்த வெப்சைட்தான் அவனுக்கும் வத்திராயிருப்பு நாச்சியாரைக் காட்டிக் கொடுத்தது. தை மாதம் கல்யாணமும் முடிந்தது.

வெப்சைட்டுக்குத்தான் அது தெரியவில்லை. மீசையை முறுக்கிய போட்டோவோடு, பெண் தேவை என்று அவன் இன்னும் அதில் நின்றுகொண்டிருந்தான். பெண்ணைப் பெற்றவர்கள் போன் செய்தபடியே இருந்தார்கள். புருஷனுக்குச் சம்பந்தம் பேச ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டால் எந்தப் பெண்டாட்டிக்குச் சோறு இறங்கும்? ஒருநாள் நாச்சியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். போட்டோ போனால்தான் திரும்பி வருவாளாம்.

இசக்கிமுத்து நோண்டாத இடமில்லை. வெப்சைட்டை ஏற்கனவே புது ஃபோல்டருக்கு மாற்றியாயிற்று. அதில் அவன் பெயரே கிடையாது. செட்டிங்கிலும் புது ஃபோல்டரைத்தான் காட்டியிருந்தான். வெப்சைட்டை ஓட்டும் சர்வர் மெஷினோ பழைய ஃபோல்டரிலிருந்தே எடுத்துப் பரிமாறியது. கடைசியில் பிடிபட்டது. சர்வரை ஒருமுறை நிறுத்திப் போட்டால்தான் அது புது செட்டிங்கைப் படிக்கும்.

நிறுத்தத்தான் வழியில்லை. நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்துத் தங்கபாய் ஓட்டிவிட்ட மெஷின் அது. இத்தனை வீட்டுக் கல்யாணப் பேச்சு நடக்கும்போது அதை அணைப்பது அபசகுனம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பழைய ஃபோல்டரிலும் கை வைக்கக் கூடாது, அது ராசியானதாம். மாதாந்திர மின்தடையாவது காப்பாற்றும் என்று காத்திருந்தான். மகராசி அன்றைக்குக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை வரவழைத்துவிட்டாள். தெருவே வியர்த்துக் கிடக்க, சர்வர் மட்டும் ஃபேன் காற்றில் இசக்கிமுத்துவுக்குப் பெண் தேடியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை நாச்சியாரே மையத்துக்கு வந்தாள். புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் தங்கபாய்க்கு எதிரே உட்கார்ந்து தன் போட்டோவை நீட்டினாள்.

"அவிய பொண்ணு தேடுதாவ. எனக்கும் ஒரு மாப்ள பாத்துக் குடுங்க."

தங்கபாய் ஆடிப்போனாள். அவள் சேர்த்து வைத்த ஜோடி எதுவும் இதுவரை பிரிந்ததில்லை. இதைவிடப் பெரிய அபசகுனம் எங்கே இருக்கிறது?

"ஏலே முத்து, அந்தச் சனியன மொதல்ல நிறுத்துலே" என்றாள்.

அப்போதும் எமகண்டம் முடிந்துவிட்டதா என்று காலண்டரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அவன் நிறுத்திப் போட்டான். புது வெப்சைட் வந்தது, மீசைக்காரன் போய்ச் சேர்ந்தான்.

இருவரும் ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவன் போன் அடித்தது. தேவதானத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா. நம்பரை முன்பே குறித்து வைத்திருந்தாராம். நாச்சியார் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று அவர் விசாரித்தார்.

"நல்ல மாப்ளதான். ஆனா குடுக்கதா இல்ல" என்று சொல்லிவிட்டு, போனைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள்.