நோன்பில் வெட்டிய துணி

மடவளையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். அன்று பின்னேரம் ஒரு தாய், மகளின் கல்யாணத்துக்கு மூன்று மீற்றர் கேட்டார். இரண்டில் வெட்டிவிட்டேன்.

"நானா (அண்ணன்), மூணுதானே செல்லின?" என்றார்.

பிழையை ஒத்துக்கொள்ளாமல் அவர்மேல் பாய்ந்தேன். கை நடுங்கியது. சட்டை வியர்வையில் நனைந்தது. துணியைப் பார்த்தால் எது இரண்டு, எது மூன்று என்றே விளங்கவில்லை.

மூளை போய்விட்டது என்று முடிவு கட்டினேன். கூடவே மாரடைப்பையும் சேர்த்துக்கொண்டேன். மனைவி பரீனா ஓட்டோவில் ஏற்றியதும் வஸிய்யத் (மரண சாசனம்) சொல்லத் தொடங்கிவிட்டேன்.

"கடை உனக்கு. கத்தரிக்கோல் தம்பிக்கு."

"சும்மா இரிங்க. அவருக்கு நகமே ஒழுங்கா வெட்டத் தெரியாது."

கண்டி கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். ஹைப்போ (இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைவது). இனிப்பாக ஏதோ குடிக்கத் தந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூளை திரும்பி வந்தது, வெட்கத்தையும் கூட்டிக்கொண்டு.

யாழ்ப்பாணத்து டொக்டரம்மா கேட்டார்: "என்ன சாப்பிட்டனீங்கள்?"

"திங்கட்கிழமை நோன்பு, டொக்டர். சுன்னத்து (கடமையல்லாத, விரும்பிப் பிடிக்கும் நோன்பு)."

"சீனிக் குளிசை (நீரிழிவு மாத்திரை)?"

"அதை விடுவேனா? ஸஹர்ல (விடியுமுன் உண்ணும் நேரம்) குடிச்சேன்."

"சாப்பாடு?"

"தண்ணி."

பரீனா கூரையைப் பார்த்தாள்.

என் கணக்கு இதுதான். பகல் முழுக்க விலை பேசி, எல்லாருக்கும் "இல்லை, கட்டாது" என்று சொல்லிக் களைத்த பிறகு, பக்கத்து ஹோட்டலின் இனிப்பு வட்டிலப்பத்துக்கும் "இல்லை" சொல்ல என்னிடம் பலம் மிஞ்சுவதில்லை. ஆனால் நோன்பு என்றால் எச்சில் விழுங்கவும் யோசிப்பவன் நான். டொக்டருக்காக அடங்காத வாயை அல்லாஹ்வுக்காக அடக்கப் பார்த்தேன். வாய் அடங்கியது. குளிசை அடங்கவில்லை.

"இது மறதி வருத்தம் (நோய்) இல்லை. மூளைக்கும் சீனி வேணும். குறைஞ்சால் கணக்கும் பிழைக்கும், கோபமும் வரும்," என்றார். "இனி என்னட்டக் கேக்காமல் நோன்பு பிடிக்கக் கூடாது."

இப்போது பகல் சோறு நேரத்துக்கு வருகிறது. பின்னேரம் வட்டிலப்பக்காரர் தலை தெரிந்தால் பரீனாவே முன்னுக்கு வந்து "இல்லை" சொல்கிறாள். அவளிடம் அது தீர்வதே இல்லை. அந்தத் தாய்க்குப் புதிதாக மூன்று மீற்றர் வெட்டிக் கொடுத்தேன். இரண்டு தரம் அளந்தேன். அவர் மூன்றாம் தரம் அளந்தார்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கோபம் வந்தால் கத்துவேன். இப்போது வேலையை நிறுத்தி விரலைக் குத்திப் பார்க்கிறேன். சீனி குறைந்திருந்தால் நிம்மதி. சரியாக இருந்தால்தான் பயமாக இருக்கிறது: அப்படியானால் கத்த இருந்தது நான்தான்.