வினோலியாவின் எட்டுப் பேனாக்கள்

ஒரு குழந்தையின் தலையை வாளிக்கு மேல் சாய்த்துப் பிடித்துச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் வினோலியா. குழந்தை ஊரைக் கூட்டுகிறது. “எண்ணெ வச்சா கம்பி ஒட்டாதுன்னு சீட்டுல எழுதித்தான குடுத்தேன்?” என்று தாயிடம் எகிறுகிறாள். “பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரட்டத் தலையோடயா கூட்டிட்டு வாறது?” என்கிறாள் தாய். வாரத்தில் ஆறு நாளும் இந்தச் சண்டைதான்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில், மூளையின் அலைகளைப் பதிவுசெய்யும் அறை அவளுடையது. வளர வளரக் குழந்தைகளின் மூளை எப்படி மாறுகிறது என்று டாக்டர் தேவசிகாமணி இரண்டு வருஷமாக, 1994 முதல், ஆராய்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நாற்பது குழந்தைகள் வருகிறார்கள்; மற்ற நாளெல்லாம் டாக்டர் சீட்டு எழுதி அனுப்பும் வேறு பிள்ளைகள். தலையில் பசை வைத்துக் கம்பிகளை ஒட்டிவிட்டு, குழந்தையைத் தூங்கவைக்க வேண்டும். அப்புறம் எட்டுப் பேனாக்கள் ஓடும் தாளில் கோடு இழுக்கும். சொந்த ஊரான கூத்தங்குழியில் ஆறு தம்பிமாரைத் தூங்கவைத்த கை அவளுக்கு. முதுகில் நாலு தட்டு, தீர்ந்தது. பத்திரிகைக்கு எழுதப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பூரித்துப் போவாள். “போன தடவ ஒரே கிறுக்கலு. இப்பம் பாருங்க அண்ணாச்சி, பிள்ளைக்குக் கையெழுத்து திருந்திட்டு!”

நான் எட்டிப் பார்க்க நகர்ந்தேன். செருப்பு கிரீச்சிட்டது, எட்டுப் பேனாவும் துள்ளின. “அசையாம இரிங்க! பிள்ள தூங்கினாலும் மூள கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கும்.” தாளோரத்தில் ‘நிருபர் செருப்பு’ என்று பென்சிலால் எழுதிவிட்டாள், பாவி.

தன் முறைக்காக வாசலில் நின்ற முக்கூடல் கோமு, சத்தத்துக்குப் பேனா துள்ளியதைப் பார்த்துவிட்டாள். அவள் இடுப்பில் இரண்டரை வயது இசக்கி. கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சும் வரவில்லை. செவிடு என்று மாமியார் தீர்மானமே பண்ணிவிட்டாளாம்.

“யக்கா, எம் பிள்ளைக்குக் காது கேக்குதான்னு மட்டும் சொல்லுங்க.”

“டாக்டர் சொல்லுவாவ. நான் வாயத் தொறக்கக் கூடாது,” என்றாள் வினோலியா. முடிவு எதையும் தாய்மாரிடம் சொல்வதில்லை. இந்த வேலைக்கு வந்த ஏழு வருஷமாக மீறாத சட்டம் அது.

சீயக்காய், அழுகை, பசை, நாலு தட்டு. இசக்கி தூங்கினாள். தூக்கத்தில் கூப்பிட்டுப் பார்க்கும்படி டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். “ஒம் பிள்ளைய நீயே கூப்பிடுட்டி, பைய.”

கோமு பிள்ளையின் காதருகே குனிந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, “ஏட்டி இசக்கி…”

எட்டுப் பேனாவும் ஒருசேர எழும்பி இறங்கின.

“இன்னொருக்கா.”

“இசக்கீ…”

மறுபடியும்! நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், சந்தோஷத்தில் எதையாவது உருட்டிவிடுவேனோ என்று.

வினோலியா வாயைத் திறக்கவில்லை. தாளோரத்தில் ‘அம்மா’ என்று எழுதினாள். பிறகு கோமுவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மை காயாத அந்தத் துள்ளலின் மேல் வைத்து அழுத்தினாள்.