இல்லாத டிரைவில் இருந்த குரல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

பாகூரில் என் அண்ணனின் உரக்கடையில் மூட்டை இறக்குகிறேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பேசியது ஒரே ஒரு டிவிடியில் இருந்தது, வளைகாப்பு வீடியோவில். வீட்டில் அதைப் போட அண்ணி ஒருநாளும் விடவில்லை. "செத்தவள வூட்டுக்குள்ள பேச வெக்காத, ஆவாது" என்பார். பெட்டியில் என் வேட்டிகளுக்கு அடியில் அது அப்படியே கிடந்தது.

மகள் இப்போது விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஒருநாள் போனில் கேட்டாள்: "அம்மா கொரலு எப்பிடிப்பா இருக்கும்?"

"பொங்கலுக்கு வா, கேக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

வில்லியனூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் டிஸ்க்கைக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரத்துல போக ஆரம்பிச்சிருக்கு. இமேஜா எடுத்துடலாம்" என்றார். படம் பிடித்தால் குரல் எப்படி வரும் என்று எனக்குப் பயம். "பேசணும் சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "போட்டோ இல்லீங்க. டிஸ்க்குல இருக்கறத ஒண்ணு விடாம ஒரே ஃபைலா ஆக்கறதுக்குப் பேரு இமேஜ். கம்ப்யூட்டர்ல வர்ச்சுவல் டிரைவுன்னு ஒண்ணு வரும். நெஜத்துல அப்பிடி ஒரு டிரைவே கெடையாது. இந்த ஃபைல அதுல மாட்டுனா, டிஸ்க்கு போட்ட மாரியே கம்ப்யூட்டர் ஏமாந்துக்கும்."

பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். டிஸ்க்கையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்றார்.

என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. அண்ணனிடம் கேட்டேன். ஸ்டுடியோக்காரர் போனில் சொல்லச் சொல்ல, கடைக் கம்ப்யூட்டரில் அண்ணனே ஏற்றினார். டிஸ்க்கையும் பென்டிரைவையும் "இங்கயே இருக்கட்டும்" என்று கல்லாவில் போட்டுக்கொண்டார்.

படம் ஓடியது. முதலில் அண்ணன் வந்தவர்களை வரவேற்கிறார். பந்தி. கடைசியில், கை நிறைய வளையலோடு அவள். "வூட்டுக்காரருக்கு எதுனா சொல்லும்மா" என்கிறார் வீடியோக்காரர். அவள் சொன்னதைக் கேட்டு அண்ணன் நாற்காலியோடு குலுங்கினார். யூரியா வாங்க நின்றவர்களைக் கூப்பிட்டார்.

"வாங்கய்யா! நம்ம ஊமைக்கு அவன் பொண்டாட்டியே சர்ட்டிபிகேட் குடுத்துக்கிறா!"

"இன்னொரு வாட்டி போடு மொதலாளி" என்றார் ஒருவர். போட்டார்.

நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கேயும் கேட்டது. அந்த வாரம் முழுக்கக் கடையில் அதுதான் கூத்து. பூச்சி மருந்து வாங்க வந்தவன்கூட அவள் குரலைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான்.

பொங்கலுக்கு மகள் வந்ததும் நேராகக் கடைக்குத்தான் கூட்டிப்போனேன். அண்ணன் அந்த டிரைவைத் தட்டினார். டிஸ்க்கைப் போடு என்றது கம்ப்யூட்டர். மறுபடி தட்டினார். மறுபடியும் அதையே கேட்டது.

"அண்ணே, அந்த ஃபைலு?"

"அழிச்சிட்டேன்டா. டிஸ்க்கு, பென்டிரைவு, ஃபைலு, டிரைவு. ஒரே கூத்து நாலா இருந்தா எதுக்கு? டிரைவுலதான படம் ஓடுது, அது ஒண்ணு போதும்னு மத்ததக் காலி பண்ணேன். ஃபைலு அழிய மாட்டேன்னு அடம் புடிச்சிது. கம்ப்யூட்டர நிறுத்திப் போட்டு அழிச்சேன்."

பென்டிரைவைத் துடைத்துவிட்டு, கடைக் கணக்கை ஏற்றி ஆடிட்டருக்கு அனுப்பியிருந்தார். நாலில் மூன்றைக் காலி செய்துவிட்டு, இல்லாத ஒன்றை வைத்திருந்தார்.

"டிஸ்க்கு?"

"கொய்யாத் தோட்டத்துல கட்டி வுட்டுக்கிறேன். ஒரு கிளி வர்ல. ஒருவழியா உன் பொண்டாட்டியும் எனக்கு வேல செய்யறா, போ."

மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

தோட்டத்தில் அது கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் பட்டுப் பட்டு மின்னியது. மகள் மரத்தில் கை வைத்து, எட்டி அவிழ்த்தாள். ஓரம் முழுக்க வெடித்து உரிந்திருந்தது.

வில்லியனூர்க்காரர் என்னை ஒன்றும் திட்டவில்லை. "டிஸ்க்கு உள்ளாரயிருந்து வெளிய படிக்கும். கடைசிப் பகுதி ஓரத்துலதான் இருக்கும்" என்றார். படிக்க முடிந்ததை மட்டும் மறுபடி இமேஜ் எடுத்து ஓட்டினார். துண்டும் மாலையுமாக அண்ணன் வந்தார். "வாங்க, வாங்க, சாப்டுட்டுத்தான் போவணும்." குரல் கணீரென்று இருந்தது. பந்தியில் இலை போடும்போது படம் உறைந்து நின்றது.

"அம்மா எப்ப வருவாங்க?" என்றாள் மகள். ஸ்டுடியோக்காரர் டிஸ்க்கை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார்.

கடையில் சிரித்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போனேன். யாராவது போனில் பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு பேரிடம் பேசியதில்லை. ஒருவரிடமும் இல்லை.

விடுதிக்குத் திரும்பும் நாள், பேருந்து நிறுத்தத்தில் மகள் கேட்டாள்: "கடையில நின்ன ஆளெல்லாம் என்னப் பாத்து சிரிக்கிறாங்க. ஊருக்கே தெரியுது. அம்மா இன்னாதான் சொன்னாங்கன்னு எனக்கு மட்டும் சொல்ல மாட்டியா?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. பேருந்து வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

உன் அம்மா சொன்னது இதுதான்: "அவுரு கேமராவப் பாத்ததும் மாட்டுக் கொட்டாய்ல பூந்துக்கினாரு. பொறக்கறது என்ன மாரி வாயாடியா பொறக்கட்டும். அப்பன் மாரி ஊமையா பொறந்துதுன்னா, பேச்சுத் தொணைக்கு நான் எங்க போவேன்?"

அதன் பிறகு ஒரு சிரிப்பு வரும். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

மாசி மாதம், ஐந்தாம் தேதி.