பாண் வானில் ஒரு படுக்கை

போன மாதம் ஒருநாள் விடிய, எங்கள் வாசலில் பேக்கரி வான் வந்து நின்றது. பாண் இறக்க அல்ல... என் அக்காவை ஏற்ற!

அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. படுக்கலாம், நிமிர்ந்து உட்கார்ந்திருக்க முடியாது. எங்கள் தங்கச்சி இருப்பதோ தூர மலைநாட்டில், பண்டாரவளையில். அவளுக்கு இருதயத்தில் வருத்தம், பயணமே கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் மாறி மாறிக் கடிதம் எழுதுவார்கள். 'இனி எங்கை காணப்போறம்' என்றுதான் ஒவ்வொரு கடிதமும் முடியும். வாசித்துக் காட்டுகிறவன் நான். எத்தனை தரம்தான் வாசிப்பது?

இணுவிலில் பேக்கரி வைத்திருக்கும் கந்தையா அண்ணையிடம் இதைச் சொல்லி அழாக்குறையாக நின்றேன். வானைக் கொண்டு போ என்றார். அப்போ பாண்?

"பாண் சைக்கிளிலை போகும் தம்பி. அக்காவாலை போகேலுமே?"

இந்த மனிதருக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

பாண் தட்டுகளைக் கழற்றினோம். கட்டில் வைத்துப் பூட்டினோம். மெத்தை, மண்ணெண்ணெய்க் குக்கர், தண்ணீர்க் கான், கொழுவிவிட ஒரு லாம்பு... உருளும் வீடு! அக்காவும் நானும் மட்டும்; மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வாள். நானே ஓட்டுவது, வழியில் மர நிழலில் நிறுத்திச் சமைப்பது, வானுக்குள்ளேயே படுப்பது. ஒருவர் வீட்டுப் படலையையும் தட்டுவதில்லை. றோட்டு மாப்பை விரித்துப் பெற்றோல் செட், குளம், நிழல் எல்லாம் சிவப்புப் பென்சிலால் குறித்துவிட்டு, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒருவன் வெறுங்கையோடு பயணம் போக ஊர் விட்டுவிடுமா?

வவுனியாக் கச்சேரியில் கிளாக்கராக ஒருவரின் மகன், மாத்தளையில் கடை வைத்த மருமகன், கண்டியில் படிப்பிக்கிற மகள் — அவர்களிடம் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு வீடு ஒவ்வொரு பொதி வந்தது. முருங்கைக்காய், ஒடியல், பனங்கட்டி, இடித்த மிளகாய்த்தூள். எல்லோரும் 'இது மட்டும்தான்' என்றார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது வானா, லொறியா? எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மா மாமி மட்டும் திருப்பி எடுக்காமல், மகனுக்கென்று கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டை எங்கள் மதிலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

வெளிக்கிட இருந்ததற்கு முதல்நாள் நான் கட்டிலின் ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி பவளம் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, அக்கா காலமை தொடக்கம் தண்ணி குடிக்கேல்லை."

ஏனாம்? அவள் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் அக்கா சொல்லியிருக்கிறார்: "வழியிலை தம்பிக்குக் கரைச்சல் வரக்கூடாதெல்லே பிள்ளை. குடியாமல் இருந்து பழகிறன்."

மாப்பை எடுத்துப் பார்த்தேன். பெற்றோல் இருந்தது, குளம் இருந்தது, நிழலும் இருந்தது. கக்கூஸ் இல்லை. அக்காவைத் தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும், மறைவு வேண்டும், கூட நிற்க ஒரு பெண்துணையாவது வேண்டும். ஒரு பெண்ணை றோட்டுக் கரையில் இறக்கவா நான் இவ்வளவு திட்டம் போட்டேன்? அங்கேயே குந்திவிட்டேன்.

பவளம் மதிலைக் காட்டினாள்.

"அந்தக் கட்டை எடுத்து ஏத்துங்கோ. பொதி இருந்தாத்தானே ஒரு வீட்டுப் படலையைத் தட்டலாம்."

பிறகென்ன... திருப்பி அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் நானே போய்ப் பொதி கேட்டேன். ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. செல்லம்மா மாமி இன்னொரு கட்டும் தந்தார்.

வவுனியாவில் மாமியின் மகனும் மருமகளும் முருங்கைக்காயைக் கண்டதும் படலையை அகலத் திறந்தார்கள். அக்காவைப் பலகையில் கிடத்தி, அலுங்காமல் உள்ளே தூக்கிப் போனார்கள். சுடுதண்ணி வார்த்தார்கள், சோறு போட்டார்கள். மாத்தளையிலும் கண்டியிலும் அதே கதைதான். முன்பின் அறியாத பெண்கள் என் அக்காவைத் தங்கள் அக்கா மாதிரிப் பார்த்தார்கள். குக்கரைப் பற்ற வைக்கவே இல்லை. அக்காவோ போன வீடெல்லாம் கேட்டுக் கேட்டுத் தேத்தண்ணீர் குடித்தார். அதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது — சொல்வதற்கு என்ன வெட்கம்!

பண்டாரவளையில் அக்காவை இறக்கும் வரைக்கும் தங்கச்சி பொறுக்கவில்லை. மெல்ல மெல்ல நடந்து வந்து, வானுக்குள் ஏறி, அக்காவுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டாள். நானும் தங்கச்சி வீட்டாரும் கதவைச் சாத்திவிட்டு விலகி நின்றோம். பிறகு அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, உந்தச் சனம் எல்லாம் எனக்கு இவ்வளவு செய்திருக்குது. திரும்பிப் போகேக்கை என்னத்தைக் கொண்டுபோய்க் குடுக்கிறது?"

திரும்பும்போது லீக்ஸ், கரட், பேரிக்காய்... வானுக்குள் இடம் போதவில்லை. குக்கரைப் பண்டாரவளையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.