பக்திப் படக் குரலில் ஒரு பார்க்கிங் சண்டை

1. ஏ.சி. சத்தம்

அடையாறில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டர். காமெடிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஏ.சி. ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. காமெடிப் படத்தில் ஏ.சி. சத்தம் கேட்டால் படம் காலி என்று அர்த்தம். அந்தப் படத்தில் ஆரம்பம் முதல் கடைசி வரை கதை சொல்லும் வாய்ஸ் ஓவர் என்னுடையது.

மந்தைவெளியில் ஒரு பழைய அபார்ட்மென்ட். எதிரெதிர் வீடுகளில் இரண்டு குடும்பங்கள். கீழே இருப்பதோ ஒரே ஒரு கார் பார்க்கிங். அதற்காக இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போடுகிற சண்டைதான் படம். டைரக்டர் காவ்யாவுக்கு இது முதல் படம். பல வருஷம் அசிஸ்டென்டாக அலைந்து, திட்டு வாங்கி, கடைசியில் கிடைத்த வாய்ப்பு.

லைட் போட்டதும் தயாரிப்பாளர் தனசேகர் எழுந்தார்.

"இன்னாம்மா இது? துக்கம் விசாரிக்க வந்தா மாதிரி கீது. ஒருத்தன் வாயத் தொறக்கல."

காவ்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போட்டுக் காட்டணும். அவர் சிரிச்சா ரிலீஸ். சிரிக்கலன்னு வெச்சுக்க, படம் ஹார்ட் டிஸ்க்லயே தூங்கும். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கிடையாது."

அப்படியே என் பக்கம் திரும்பினார். "ஸ்டெல்லாக்கா, நீ பேய்ப் படத்துல பேசுனா எங்கூட்டுக்காரம்மா லைட்டப் போட்டுக்கினு தூங்குது. இங்க இன்னா ஆச்சு உனக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வாய்ஸ் ஓவரில் என் வாய்க்கு வராத ஜானர் இல்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள்.

2. கிரீச் கிரீச்

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது, எந்தப் படத்துக்கு எப்படிப் பேச வேண்டும் என்பதுதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பேய்ப் படத்தில் கதை சொல்பவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் சொல்ல மாட்டாள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாதி மூச்சில் விட்டுவிடுவாள். துப்பறியும் படத்தில் பார்ப்பவருக்குத் தெரிந்தது மட்டும்தான் அவளுக்கும் தெரியும். காதல் படத்தில் எல்லாம் முடிந்துபோன பிறகு பேச வேண்டும், அவசரமே கூடாது. டாக்குமென்டரியில் தொண்டையில் ஒரு உணர்ச்சியும் ஏறக் கூடாது, ஏறினால் விளம்பரம் ஆகிவிடும். பக்திப் படத்தில் எல்லாம் தெரியும், எல்லாவற்றையும் சொல்லவும் வேண்டும், அதுவும் நிதானமாக.

பக்திப் படம் என்றாலே என்னைக் கூப்பிட ஆரம்பித்தது ஒரு செருப்பால்தான். நான் சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசித்துப் பழகிய குரல் என்னுடையது. முதல் பக்திப் படத்துக்குப் போன அன்று புதுத் தோல் செருப்பு போட்டிருந்தேன். சவுண்ட் இன்ஜினியர் பாஸ்கர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஸ்டெல்லாம்மா, கிரீச் கிரீச்சுன்னு மைக்ல ஏறுது" என்றார். கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பேசினேன். அதைப் பார்த்த படக்காரர்களுக்கு ஒரே நெகிழ்ச்சி. "வேற மதம், ஆனாலும் என்ன மரியாதை பாருங்க" என்று தி.நகர் முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து எந்தச் சாமி படமானாலும் ஸ்டெல்லா. வீடு தேடி வருகிற பெருமையை நான் ஏன் தடுக்க வேண்டும்?

ஆனால் போகப் போக அது நிஜமாகிவிட்டது. வெறுங்கால் தரையில் பட்டால் என் குரல் தானாக இறங்கி நிற்கும். ஒரு சொல்லைக்கூட அலட்சியமாகச் சொல்ல வராது. மற்ற படங்களுக்கெல்லாம் செருப்போடுதான் பேசுவேன்.

3. பிளாஸ்டிக் நாற்காலி

மறுநாள் தி.நகர் ஸ்டுடியோவில் காலையில் எனக்கு ஒரு கோயில் படம். ஒரு ஊர்க் கோயில் உருவான கதை. அதை முடித்துவிட்டு டீ குடித்தேன். காவ்யா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"படத்தை மறுபடி ஒரு தடவை பாத்துடலாம்க்கா. எங்க தப்புன்னு எனக்குப் புரியல."

பாஸ்கர் முதல் ரீலை ஓட்டினார். திரையில் விடிகாலை. சண்டை போடுகிற பெரியவர்களில் ஒருவர் பனியனோடு படி இறங்கி வருகிறார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். கையில் கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்பீக்கரில் என் குரல் வந்தது.

"மூவுலகும் உறங்கிக்கொண்டிருந்த வேளை. எவரும் அறியாவண்ணம் அவர் அங்கே எழுந்தருளினார்."

பெரியவர் நாற்காலியை பார்க்கிங் நடுவில் வைத்தார். அது சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தார்.

"அன்று முதல் அவ்விடம் அவருக்கே உரியதாயிற்று."

அவசரத்தில் பாஸ்கர் காமெடிப் படத்தோடு காலையில் எடுத்த கோயில் படத்துக் குரல் டிராக்கைப் போட்டுவிட்டார். காவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாஸ்கர் தலையில் கைவைத்துக்கொண்டே சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

"நிறுத்துங்க பாஸ்கர். சாமி விஷயம். கும்பிடுறவங்களுக்குன்னு பேசினது அது."

காவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாமியப் பாத்துச் சிரிக்கலக்கா. இந்த மனுஷன் அந்த நாற்காலிய வைக்கிற லட்சணத்தப் பாத்துச் சிரிக்கிறேன். இந்தக் குரல் அவரை நம்புதுக்கா. நம்ம படத்துல நீங்க அவரைக் கேலி பண்ணிட்டு இருக்கீங்க."

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. காமெடிதானே என்று வரிக்கு வரி கண்ணடிக்கிற மாதிரிப் பேசியிருந்தேன். "ஒரே ஒரு பார்க்கிங்... அப்புறம் கேக்கணுமா?" என்று இழுத்து, கடைசியில் நானே ஒரு சிரிப்பும் சிரித்து வைத்திருந்தேன். தியேட்டரில் இருப்பவர்கள் சிரிக்க நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

கோயில் படத்து வரி ஒன்றுகூட வரக் கூடாது என்றேன். காவ்யா ஒத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினாள். மதியம் டேக் போனோம். பேசினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

காவ்யா உள்ளே வந்து என் காலைப் பார்த்தாள்.

"அக்கா, செருப்பைக் கழட்டிட்டுப் பேசறீங்களா?"

"பார்க்கிங் சண்டைக்கா?"

"அவருக்கு அந்த இடம் அவ்ளோ பெருசுக்கா."

எங்கள் அபார்ட்மென்டில் என் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் மாடிவீட்டுக்காரர் ஒருமுறை அவர் சைக்கிளை நிறுத்தினார். அவரோடு நான் இன்று வரை பேசுவதில்லை. அது ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றினேன்.

"ஆதியில் அவ்விடம் வெறும் மண்ணாகவே இருந்தது. வெயில் காய்ந்தது, மழை பெய்தது. எவரும் அதைத் தமதென்று சொல்லவில்லை. பின்னர் சிமென்ட் வந்தது."

பாஸ்கர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். நான் நிறுத்தவில்லை. அந்தப் பெரியவருக்காக எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

4. வெள்ளிக்கிழமை

டிஸ்ட்ரிபியூட்டர் செல்போனோடு வந்து உட்கார்ந்தார். படம் ஆரம்பித்தும் அவர் முகத்தில் செல்போன் வெளிச்சம்தான். பக்கத்தில் காவ்யா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. "பின்னர் சிமென்ட் வந்தது" என்ற இடத்தில் அவர் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரையில் நாற்காலி சாய்ந்தபோது அவர் செல்போன் கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவே இல்லை. அவர் சிரித்ததைப் பார்த்துத் தனசேகர் சிரித்தார். அதன் பிறகு ஏ.சி. சத்தம் என் காதில் விழவில்லை.

படம் முடிந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பினார். "யாரும்மா அந்தக் குரல்? எங்கம்மா டி.வி.ல அதைக் கேட்டாலே கன்னத்துல போட்டுக்கும். நானும் போட்டுக்கப் பாத்தேன், அதுக்குள்ள அந்த ஆள் நாற்காலியத் தூக்கிக்கினு வரான்." பிறகு தனசேகரிடம், "தேதி பாருங்க சார், ரிலீஸ் பண்ணிடலாம்" என்றார்.

காவ்யா அழுதாள். நானும் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் இப்போது ஜானர் பட்டியல் ஒப்பிப்பதில்லை. திரையில் இருப்பவர் எதைப் பெரிதென்று நினைக்கிறாரோ, அதை நீங்களும் பெரிதென்று நினைத்துப் பேசுங்கள் என்கிறேன். பயமோ சிரிப்போ, மிச்சத்தைப் படம் பார்க்க வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ரிலீஸான அன்று சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனேன். எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மா. என் குரல் தொடங்கியதும் செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டு, புடவையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சீட்டே ஆடியது. இடைவேளையில் செருப்பைக் காணோம் என்று தேடினார். கால் உதைத்து உதைத்து அது என் சீட்டுக்கு அடியில் வந்துவிட்டிருந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் என் செருப்பும் கழற்றித்தான் கிடந்தது.