காலில் குத்திய ஊசி

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. அப்போதுதான் காலையில் தின்ற ரொட்டி சாயந்திரம் அப்படியே வாந்தியாக வரத் தொடங்கியது. நாளும் தள்ளிப்போனது. போதாதா? தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் கொண்டாடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா எங்கெங்கோ தேடி மாங்காய் கொண்டுவந்தார். மலையில் என் கூடையை வேறொருத்தி சுமந்தாள். நானும் முழுசாக நம்பிவிட்டேன்.

தோட்டத்து மருத்துவச்சி வயிற்றை அழுத்திப் பார்த்தார். "புள்ள இல்லம்மா. தின்னதுதான் எறங்காம கெடக்கு. சத்து இல்லாமதான் நாளும் தள்ளிப்போகுது" என்றார்.

இதைக் கணவரிடம் மட்டும் சொன்னேன். லயத்தில் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரித் தண்ணி மருந்துக்கும் கேட்கவில்லை. எலும்பும் தோலுமாகிப் போனேன்.

ஹட்டனில் கணவருக்குப் பல் பிடுங்கிய சீனக்காரர் ஒருவர் இருந்தார். வயிற்றுக் கோளாறுக்கு ஊசி குத்தும் சீன வைத்தியமும் செய்வாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். முழங்காலுக்குக் கீழே மெல்லிய ஊசிகளைக் குத்தி, பேட்டரி போட்ட சின்னப் பெட்டியிலிருந்து கம்பி மாட்டினார். கால் தானாகத் துடித்தது.

"வயிறு மேல இருக்கு, கால்ல குத்துறீங்களேங்க?" என்று கணவர் பதறினார். சீனக்காரர் சிரித்தபடி, பொறுங்கள் என்று கையைக் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடவென்று உருண்டது. எத்தனையோ நாளாகக் கேட்காத சத்தம். பாழாய்ப்போன வயிறு பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்படாமல் நான் அழுதேன். மருத்துவச்சி சொல்லியும் மனசில் ஒட்டிக்கொண்டிருந்த நம்பிக்கை அங்கேதான் விட்டுப்போனது. கணவர் என் கையை விடவே இல்லை.

திரும்பி வந்ததும் லயத்து வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் போனார்கள். முடிந்தது நம் மரியாதை என்று சுருண்டு படுத்தேன்.

சற்று நேரத்தில் அந்த அக்கா பூண்டு போட்ட கஞ்சியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எறங்குதா?"

"எறங்குதுக்கா."

"அப்ப இன்னுங் கொஞ்சம் குடி. நீ இருந்தாதானே மத்ததெல்லாம்."

ஒரே நாளில் குணமாகவில்லை. இன்னும் சில ஞாயிறுகள் ஹட்டனுக்குப் போய்வந்தோம். ஆனால் அன்று குடித்த கஞ்சி வாந்தியாக வரவில்லை. அதுவரை லயத்தில் கிடைத்த கவனிப்பெல்லாம் வராத பிள்ளைக்கென்று நினைத்திருந்தேன். அந்தக் கஞ்சி எனக்கே எனக்கென்று வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.